வீட்டில் செய்த வெள்ளை லேசர்: நிறங்களின் வெளிச்சத்தை எதைக் கொண்டு சரிசெய்வது?

மூன்று டயோடுகளை அலுமினியத் தகட்டில் பூட்டி, டைக்ரோயிக் கண்ணாடிகளை (ஒரு நிறத்தை ஊடுருவவிட்டு இன்னொன்றைத் திருப்புபவை) வைத்துச் சிவப்பு, பச்சை, நீலக் கதிர்களை ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் வெள்ளை வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வராது. சுவரில் விழுவது பெரும்பாலும் கத்தரிப்பூ நிறமாகவோ வெளிறிய பச்சையாகவோ இருக்கும். ஒவ்வொரு நிறத்தையும் கூட்டிக் குறைத்தால்தான் வெள்ளை பிறக்கும், அதற்கு நம் கையில் நான்கு வழிகள் இருக்கின்றன: டயோடுக்குக் கரன்ட் தரும் டிரைவர் போர்டில் உள்ள பிரிசெட் (திருகி நிறுத்தும் சிறு குமிழ்), பி.டபிள்யூ.எம். துடிப்பு (வேகமாக எரித்து அணைப்பது), 0 முதல் 5 வோல்ட் வரையிலான அனலாக் சிக்னல், கதிரின் பாதையில் வைக்கும் ஃபில்டர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறச் சமநிலை ஒரு வேலை, மொத்த வெளிச்சத்தைக் கூட்டுவது குறைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே குமிழால் செய்யப் பார்க்கிறவர்களுக்குத்தான் லேசர் ஒரு நாளும் அடங்குவதில்லை. சமநிலையைப் பிரிசெட்டில் ஒருமுறை நிறுத்தி வையுங்கள், அப்புறம் அதைத் தொடாதீர்கள். அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு வேறு வழியைத் தேர்ந்தெடுங்கள். எந்த வழி என்பது உங்கள் லேசர் அசையாமல் நிற்கிறதா, உருவம் வரைகிறதா என்பதைப் பொறுத்தது. நான் இருப்பது ஊட்டி, இங்கே இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது: குளிர். சமவெளியில் சொல்லப்படும் அறிவுரைகளில் சில இங்கே அப்படியே தலைகீழாகிவிடும்.

முதலில் எந்த நிறம் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரிவது 555 நானோமீட்டர், மஞ்சள் கலந்த பச்சை. அதை 1 என்று வைத்தால் 520 நானோமீட்டர் பச்சை 0.71, 638 சிவப்பு சுமார் 0.19, 450 நீலம் வெறும் 0.038. இதைப் பார்த்துவிட்டு, நீலம் இவ்வளவு மங்கலா என்று நீலத்தை ஏகத்துக்கும் கூட்டிவிடுகிறார்கள். அது தவறு, நீலம் வெளிச்சத்துக்குத் தருவது குறைவுதான், ஆனால் நிறத்தை இழுத்துக்கொண்டு போகும் வலிமை அதற்கு மிக அதிகம். 1931-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் (சி.ஐ.இ.) வகுத்த நிறப்பொருத்த அட்டவணையை வைத்து, பகல் வெளிச்சத்தை ஒத்த டி65 வெள்ளைக்குக் கணக்குப் போட்டால், 100 மில்லிவாட் 520 பச்சைக்கு ஏறத்தாழ 145 மில்லிவாட் 638 சிவப்பும் 58 மில்லிவாட் 450 நீலமும் வேண்டும். விலை மலிவு என்று 650 சிவப்பை வாங்கினால் அதே வெள்ளைக்கு 245 மில்லிவாட் ஆகிவிடுகிறது. பச்சை 532 என்றால் 100-க்கு 145 சிவப்பு, 71 நீலம்.

இந்த விகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் டயோடு வாங்க வேண்டும், வாங்கிய பிறகு அல்ல. நீல டயோடுகள் ஒரு வாட்டுக்கு மேல் சக்தியுள்ளவை சல்லிசாகக் கிடைக்கின்றன, அதை 150 மில்லிவாட் சிவப்போடு ஜோடி சேர்த்தால் நீலத்தை அதன் அடிமட்டத்தில் வைத்தே ஓட்ட வேண்டிவரும். கீழே நான் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதிக்குக் காரணம் அதுதான்.

பிரிசெட்டைப் பார்ப்போம். அது டயோடுக்குப் போகும் கரன்ட்டை நேரடியாக நிர்ணயிக்கிறது. லேசர் டயோடுக்கு ஒரு தொடக்கக் கரன்ட் உண்டு; அதற்குக் கீழே வெறும் எல்.இ.டி. மாதிரி மினுங்கும், தாண்டியதும் வெளிச்சம் கரன்ட்டோடு ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறும். அந்த நேர்கோட்டின் நடுவிலும் மேற்பகுதியிலும் வேலை செய்யும்வரை பிரிசெட்டைப் போல நம்பகமான வழி வேறில்லை: துடிப்பு இல்லை, கேமராவில் பட்டை விழாது, மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு சிப்) தேவையில்லை. தொடக்கப் புள்ளியை ஒட்டி ஓட்டினால் கதை மாறுகிறது. வெப்பம் கொஞ்சம் அசைந்தாலும் தொடக்கக் கரன்ட் நகரும், நீங்கள் ஓட்டும் இடமும் அதுவேதான் என்பதால் வெளிச்சம் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். கரன்ட்டை மாற்றும்போது அலைநீளமும் சிறிது நகர்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆனால் டைக்ரோயிக் கண்ணாடியின் விளிம்பை ஒட்டிய அலைநீளம் என்றால் கடந்துபோகும் அளவு மாறும்.

பிரிசெட்டை டயோடு மாட்டிய நிலையில் கண்மூடித்தனமாகத் திருகாதீர்கள். டயோடுக்குப் பதிலாக 1என்4007 டயோடுகளை வரிசையாக வைத்து, கூடவே ஒரு 1 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். சிவப்புக்கு மூன்று டயோடு போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் ஆறு. ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் 100 மில்லிவோல்ட் என்பது 100 மில்லிஆம்பியர், கணக்குப் போடவே வேண்டாம். கரன்ட்டை அங்கே நிறுத்திவிட்டு, சப்ளையை அணைத்து, டிரைவரின் வெளியீட்டை ஒருமுறை ஷார்ட் செய்து கெபாசிட்டரில் தேங்கியதை வடித்த பிறகே லேசர் டயோடை மாட்டுங்கள்.

அடுத்தது பி.டபிள்யூ.எம். டயோடு முழுக் கரன்ட்டில் எரிகிறது அல்லது அணைகிறது, எவ்வளவு நேரம் எரிகிறது என்பதுதான் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. இதன் அழகு என்னவென்றால் தொடக்கக் கரன்ட் பிரச்சினையே எழாது. மூன்று நிறத்தையும் பாதி நேரம் எரியவிட்டால் மூன்றும் சரியாகப் பாதியாகின்றன, வெள்ளை வெள்ளையாகவே மங்குகிறது. அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் கதிருக்கு, உதாரணமாகப் பள்ளியில் முப்பட்டகத்தை வைத்து நிறம் பிரித்துக் காட்டுவதற்கு, இதுவே போதும்.

கால்வோ கண்ணாடி (மோட்டாரில் வேகமாக ஆடிக் கதிரைத் திருப்பும் குட்டிக் கண்ணாடி) வைத்து உருவம் வரைகிறீர்களா, அப்படியானால் இதைக் கைவிடுங்கள். நொடிக்கு 30,000 புள்ளி வேகத்தில் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 33 மைக்ரோவினாடி. அர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் பெரும்பாலான பின்களில் பி.டபிள்யூ.எம். வேகம் 490 ஹெர்ட்ஸ்தான், அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லிவினாடிக்கு மேல். அதற்குள் கதிர் அறுபது புள்ளிகளைத் தாண்டிப் போயிருக்கும். கோடு கோடாக இருக்காது, துண்டு துண்டாக அறுந்து விழும். இ.எஸ்.பி.32 என்ற இன்னொரு மைக்ரோகன்ட்ரோலரில் 12 பிட்டுக்கு (4096 படிகளுக்கு) 19.5 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம், அதுவும் ஒரு சுற்றுக்கு 51 மைக்ரோவினாடி, ஒரு புள்ளியைவிட நீளம். மேலும் வேகத்தைக் கூட்டினால் மலிவான டிரைவர் போர்டுகள் ஏறி இறங்குவதற்கே நேரத்தைத் தின்றுவிடும், குறைந்த வெளிச்சத்தில் துடிப்பு முழுவதுமாகவே காணாமல் போகும். படிகம் வைத்த 532 பச்சை லேசரை வேகமாகத் துடிக்கவிடுவது இன்னும் மோசம், அதற்குள் இருக்கும் நியோடிமியம் படிகத்துக்கு எரியவும் அணையவும் அதற்கே உரிய தாமதம் உண்டு.

அனலாக் வழியில்தான் விஷயம் அதிகம். லேசர் காட்சிகளுக்கான ஐ.எல்.டி.ஏ. இணைப்பிலும் நிறங்கள் இதே 0 முதல் 5 வோல்ட் சிக்னலாகத்தான் வருகின்றன. புள்ளிக்குப் புள்ளி நிறம் மாற்ற முடியும், துண்டு விழாது, உருவம் வரைபவர்களுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் இதை அப்படியே மாட்டிவிட்டு மூன்று நிறத்துக்கும் ஒரே வோல்ட்டேஜைக் கொடுத்தால் மங்கலான வெள்ளை கிடைக்காது. ஏன் என்று பாருங்கள்: சிவப்பு 0.5 வோல்ட்டில் எரியத் தொடங்குகிறது, நீலம் 1 வோல்ட்டில் தொடங்குகிறது, இரண்டும் 5 வோல்ட்டில் முழுமை அடைகின்றன என்று வைத்துக்கொள்வோம். 2 வோல்ட்டில் சிவப்பு 33 சதவீதம், நீலம் 25 சதவீதம். 1.2 வோல்ட்டுக்கு இறங்கினால் சிவப்பு 16 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, நீலம் வெறும் 5 சதவீதம். மேலே சுத்த வெள்ளையாக இருந்தது கீழே இறங்க இறங்கச் செம்மஞ்சளாகிவிடும். எந்த நிறத்தின் தொடக்கம் மேலே இருக்கிறதோ அது முதலில் சாகும்.

இதற்கு மருந்து இரண்டு. டிரைவரிலேயே தொடக்க அளவைச் சரிசெய்யும் இன்னொரு பிரிசெட் இருந்தால் மூன்று நிறமும் ஒரே வோல்ட்டேஜில் விழிக்கும்படி அதைத் திருகி வையுங்கள். இல்லையென்றால் மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அட்டவணை போடுங்கள்: இத்தனை சதவீத வெளிச்சத்துக்கு இந்த வோல்ட்டேஜ் என்று. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் நேர்கோட்டில் இல்லாத வளைவுகளையும் அது பிடித்துவிடும். அட்டவணைக்கு 8 பிட் போதாது. 256 படிகளில் மேல்பாதி கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், கீழே உள்ள சில படிகளில் ஒவ்வொன்றும் குதித்துக் குதித்துத் தெரியும். 12 பிட்டில் 4096 படிகள். எம்.சி.பி.4728 போன்ற நான்கு சேனல் டி.ஏ.சி. சிப் (எண்ணை வோல்ட்டேஜாக மாற்றுவது) ஒன்று மெதுவான வேலைக்குப் போதும். அதுவும் வேண்டாம் என்றால், 20 கிலோஹெர்ட்ஸ் பி.டபிள்யூ.எம். சிக்னலை 1 கிலோஓம், 1 மைக்ரோஃபேரட் வழியாக வடிகட்டினால் ஓரளவு சீரான வோல்ட்டேஜ் கிடைத்துவிடும். நிற்கும் கதிருக்கு அது நன்றாகவே வேலை செய்யும், உருவம் வரைய அதன் வேகம் காணாது.

நான்காவது, கதிரையே வெளியே தடுப்பது. தொடக்கக் கரன்ட், வளைவு, பிட் எதுவும் இல்லை. மூன்று கதிரும் சேர்ந்த பிறகு ஒரு ஃபில்டரை வைத்தால் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். மெல்லிய உலோகப் பூச்சுப் போட்ட நடுநிலை ஃபில்டர் வட்டு இதைக் கிட்டத்தட்ட ஒழுங்காகவே செய்கிறது, வட்டைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் மட்டும் இறங்கும். அதிலிருந்து திரும்பித் தெறிக்கும் கதிரை ஒரு கருப்புப் பெட்டிக்குள் விழும்படி சாய்த்து வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் கவனிக்க வேண்டியது. போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) வைத்துத் திருப்பலாம் என்று பலர் சொல்வார்கள், கோணத்தின் கொசைன் வர்க்கப்படி வெளிச்சம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் லேசர் டயோடு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு திசையில் போலரைஸ் ஆன ஒளியைத் தருகிறது. உங்கள் சிவப்பு டயோடு மற்ற இரண்டுக்கும் குறுக்காகப் பூட்டப்பட்டிருந்தால், போலரைசரைத் திருப்பும்போது வெளிச்சம் குறைவதற்குப் பதில் நிறம் சிவப்பிலிருந்து நீலப்பச்சைக்கு ஓடும். அந்தத் திசையைத் திருப்பும் அரை அலைத் தகடு ஓர் அலைநீளத்துக்காகச் செய்யப்படுவது, மூன்று நிறத்துக்கும் ஒன்றை வைத்தால் அதே கதைதான்.

இங்கே ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஓடிய காலத்து ஃபிலிம் துண்டுகளும் எக்ஸ்ரே ஃபிலிம்களும் வீட்டு அலமாரிகளில் கிடப்பதுண்டு. கழுவிய கருப்பு ஃபிலிமை ஃபில்டராக வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். அதிலுள்ள வெள்ளித் துகள்கள் ஒளியைச் சிதறடித்துக் கதிரைப் பஞ்சாக்கும், உறிஞ்சிய வெப்பத்தில் ஃபிலிம் பொசுங்கும். கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு லேசரைப் பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்துவது பற்றி நினைக்கவே கூடாது.

இப்போது குளிர். சிவப்பு டயோடுதான் வெப்பத்துக்கு அதிகம் ஆடுவது. அதே கரன்ட்டில் சூடானால் மங்கும், குளிர்ந்தால் பிரகாசமாகும். நீலமும் 520 பச்சையும் அவ்வளவு அசைவதில்லை. சென்னையில் 32 டிகிரி அறையில் வெள்ளை பார்த்து அனுப்பிய செட், தை மாதத்தில் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும் காலையில் இங்கே இளஞ்சிவப்பாக எரிந்தால் அது பழுது இல்லை, இயற்பியல். அழகுப் பிரச்சினையோடு நின்றால் பரவாயில்லை. அங்கே உச்ச அளவுக்குக் கரன்ட் வைத்திருந்தால், இங்கே வெளியேறும் ஒளி டயோடின் முகப்பு தாங்கும் அளவைத் தாண்டி அது ஒரே நொடியில் செத்துப்போகலாம். படிகம் வைத்த 532 பச்சை இதற்கு நேர் எதிர். அதை இயக்கும் 808 நானோமீட்டர் டயோடு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 நானோமீட்டர் நகர்கிறது, 20 டிகிரி இறங்கினால் 6 நானோமீட்டர், படிகம் அந்த அலைநீளத்தைச் சரியாக உறிஞ்சாது, பச்சை தளர்ந்துவிடும். சிவப்பு ஏற, பச்சை இறங்க, வெள்ளை இரண்டு பக்கத்திலிருந்தும் கெடுகிறது. மலையில் இருப்பவர்கள் பச்சைக்கு நேரடி 520 டயோடையே வாங்குங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

வெப்பத்தை நிலைநிறுத்துவதில்தான் சமவெளி அறிவுரை தலைகீழாகிறது. அங்கே பெல்டியர் (மின்சாரத்தால் குளிரும் தகடு) வைத்துக் குளிரூட்டச் சொல்வார்கள். இங்கே ஆடி மாதத்து மூட்டத்தில், அறைக்குள்ளேயே துணி காயாத ஈரத்தில், எதையாவது குளிரூட்டினால் லென்ஸ் மேல் நீர் வேர்த்துவிடும். அதனால் இங்கே சூடாக்க வேண்டும். அடித்தகட்டில் ஒரு 10 வாட் ஒயர்வுண்ட் ரெசிஸ்டரைப் பூட்டி, வெப்பத்தை உணரும் என்.டி.சி. தெர்மிஸ்டர் ஒன்றை வைத்து, தகட்டை 30 டிகிரியில் நிறுத்துங்கள், இதுதான் நம் தெர்மோஸ்டாட். ஊட்டியில் அறை 30 டிகிரியைத் தொடுவது அபூர்வம் என்பதால் தகடு எப்போதும் காற்றைவிடச் சூடாகவே இருக்கும், நீர் படியாது, சிவப்பு ஒரே இடத்தில் நிற்கும். அந்த வெப்பத்தில் சிவப்பு கொஞ்சம் சக்தியை இழக்கும், இழக்கட்டும், விகிதத்தைப் போடும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றும் மெலிந்தது, அதே விசிறி கடல்மட்டத்தில் இழுக்கும் வெப்பத்தை இங்கே இழுக்காது, ஹீட் சிங்க்கைத் தாராளமாகவே வையுங்கள்.

சரிபார்ப்பது எப்படி? கண் ஏமாற்றும், போன் கேமரா அதைவிட ஏமாற்றும். தானாக வெள்ளையைச் சரிசெய்யும் வசதியை அணைத்துப் பகல் வெளிச்ச அளவில் நிறுத்தினாலும் லேசரின் பிரகாசத்தில் சென்சார் நிரம்பி எல்லாமே வெள்ளையாகத் தெரியும். ஒளி தரும் வெப்பத்தை அளக்கும் தெர்மோபைல் பவர் மீட்டர் எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி அளக்கும், இரவல் கிடைத்தால் ஒருநாள் வாங்கி விகிதத்தை நிறுத்திவிடுங்கள். அதன்பின் பிபிடபிள்யூ34 போன்ற சாதாரண போட்டோடயோடு போதும். அது நிறத்துக்கு நிறம் வேறு அளவு காட்டும், ஆனால் அன்று சிவப்பு எவ்வளவு காட்டியதோ இன்றும் அவ்வளவு காட்டுகிறதா என்று பார்க்க அது நம்பகமானது.

கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும் என்றால் பாதுகாப்பாகப் பாருங்கள். 145, 100, 58 சேர்ந்தால் 303 மில்லிவாட், அது லேசர் ஆபத்து வரிசையில் 3பி வகுப்பு, நேரடிக் கதிர் கண்ணில் பட்டால் இமைக்கும் முன்னே விழித்திரை போய்விடும். பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடி, கதிர் ஏறக்குறைய நேராக விழும்போது இரண்டு பரப்பும் சேர்ந்து 8 சதவீதத்தைத்தான் திருப்பும். அப்படி இரண்டு கண்ணாடிகளில் அடுத்தடுத்துத் திருப்பினால் மிஞ்சுவது 2 மில்லிவாட் அளவு, அதை மேட் வெள்ளைத் தாளில் விழவைத்துத் தாளைப் பாருங்கள். ஊடுருவிப் போகும் மீதியைக் கருப்புப் பெட்டி வாங்கிக்கொள்ள வேண்டும், கோணம் சரிசெய்து முடியும்வரை மூன்று அலைநீளத்துக்கும் பொருந்திய பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். கதிரைத் திருப்பும் கண்ணாடிகளை அதிகம் சாய்க்காதீர்கள், சாய்ந்தால் போலரைசேஷனைப் பொறுத்து நிறத்துக்கு நிறம் வேறு அளவு திரும்பும்.

தாளில் வெள்ளையாக இருப்பது தூரத்தில் வெள்ளையாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சக்திவாய்ந்த நீல டயோடின் ஒளி ஒரு பக்கமாக அதிகம் விரியும். பத்து மீட்டர் தள்ளிப் பார்த்தால் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் நீலமும் தெரிந்தால் நீலத்தின் கரன்ட்டைக் கூட்டாதீர்கள். அது லென்ஸ் வேலை, உபயோகிக்கப்போகும் தூரத்துக்கு மூன்று லென்ஸையும் குவியுங்கள். காற்றில் தெரியும் கதிர் இன்னொரு மாதிரி. சுத்தமான காற்றின் மூலக்கூறுகள் 450 நீலத்தை 638 சிவப்பைவிட நான்கு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன, நம் ஊர் மூட்டத்தின் நீர்த்துளிகளோ அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, மூன்றையும் கிட்டத்தட்டச் சமமாகவே சிதறடிக்கும். அதனால் மூட்டத்தில் பார்க்கும் வெள்ளைதான் தாளில் பார்த்த வெள்ளைக்கு நெருங்கியது. புகை மெஷின் இல்லாமலே இந்தக் காட்சி கிடைப்பது மலைக்காரர்களுக்குக் கிடைத்த வரம். அந்த ஆசையில் ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்து மட்டும் திருப்பிவிடாதீர்கள், மூட்டம் விலகும் நொடியில் அந்தக் கதிர் எதிர்மலையின் வீட்டையோ கொண்டை ஊசி வளைவில் வரும் பஸ் டிரைவரையோ தொடும். தேயிலைத் தோட்டத்தில் மேயும் காட்டெருமைக்கும் கண் இருக்கிறது. கதிர் முடியும் இடத்தில் எப்போதும் ஒரு சுவர் வேண்டும்.

ஆக, பள்ளிக்கோ வீட்டு மேசைக்கோ நிற்கும் கதிர்தான் வேண்டும் என்றால் பிரிசெட்டில் சமநிலை, ஃபில்டர் வட்டில் வெளிச்சம், மைக்ரோகன்ட்ரோலரே வேண்டாம். நிறம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் ஆனால் கதிர் அசையாது என்றால் பிரிசெட்டோடு பி.டபிள்யூ.எம். உருவம் வரைய அனலாக், அட்டவணையோடு. மூன்றிலும் பிரிசெட் திருகும் நாளன்று தகட்டை அரை மணி நேரம் 30 டிகிரியில் நிற்கவிட்டு, பச்சையை முதலில் நிறுத்தி, சிவப்பை அதற்குச் சேர்த்து மஞ்சள் வரவழைத்து, நீலத்தைக் கடைசியாக மெல்ல ஏற்றுங்கள். நீலத்தில் தொடங்கினால் கண் அதற்குப் பழகிக்கொண்டு மற்ற இரண்டையும் தப்பாகக் காட்டும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்ற நிலையில், டி.ஏ.சி. போர்டா தெர்மோஸ்டாட்டா என்று கேட்டால், கொடைக்கானலிலோ குன்னூரிலோ இருப்பவருக்கு நான் தெர்மோஸ்டாட்டைத்தான் சொல்வேன், டி.ஏ.சி. அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம், பொங்கலுக்குள் வரப்போகும் குளிர் அதுவரை காத்திருக்காது.